இருவர் மிதிவண்டி நெடும்பயணம்

இருவர் மிதிவண்டி நெடும்பயணம் என்பது ஒருவர் பின் ஒருவராக இருவர் அமர்ந்து, இருவருமே மிதித்து ஓட்டும் வகையில் அமைந்த மிதிவண்டியில் (டேண்டம் சைக்கிள்) பல நூறு அல்லது பல்லாயிரம் கிலோமீட்டர் தொலைவைக் கடப்பதாகும். இதன் ஒரு சிறப்பு வகையில், பயணி தனியாகவே புறப்படுகிறார். பின்னிருக்கை வேண்டுமென்றே காலியாக விடப்படுகின்றது. வழியில் சந்திக்கும் முன்பின் அறியாதவர்கள் அதில் ஏறிச் சில நிமிடங்களோ, சில நாட்களோ, சில வாரங்களோ உடன் மிதித்துவிட்டு இறங்கிக்கொள்கின்றனர். இக்கட்டுரை பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைப் பயணத்தைப் பற்றியதாகும்.

சாதாரண மிதிவண்டியின் பின்புறச் சுமைதாங்கியில் (கேரியர்) ஒருவரை ஏற்றிச் செல்வதற்கும் இதற்கும் அடிப்படையான வேறுபாடு உண்டு. சுமைதாங்கியில் அமர்பவர் ஓட்டுபவருக்குச் சுமையாவார். இருவர் மிதிவண்டியில் பின்னால் அமர்பவர் வண்டியை இயக்கும் இருவரில் ஒருவராவார். அவருடைய கால்கள் முன்னால் இருப்பவரின் கால்களுடன் சங்கிலியால் பிணைக்கப்பட்டுள்ளன. எனவே ஏறிய கணத்திலிருந்தே அவர் பயணத்தின் பங்காளியாகின்றார். இத்தகைய பயணங்களுக்கு வேறு வண்டிகளை விட்டு இவ்வண்டி தேர்ந்தெடுக்கப்படுவதற்கு இதுவே முதன்மைக் காரணமாகும்.

பெயர்கள்

'டேண்டம்' என்பது இலத்தீன் மொழியில் 'இறுதியாக', 'நெடுநேரம் கழித்து' என்னும் பொருள்படும் சொல்லாகும். ஆங்கிலேயர் இதனை 'நெடுக' என்னும் பொருளில் விளையாட்டாகத் திரித்து, ஒன்றன்பின் ஒன்றாகக் குதிரைகள் பூட்டிய வண்டிக்குப் பெயராக இட்டனர். பின்னர் அப்பெயர் மிதிவண்டிக்கும் வந்து சேர்ந்தது. ஆகவே இச்சொல் இருக்கைகள் அமைந்த முறையைக் குறிப்பதேயன்றி இருவர் என்னும் எண்ணிக்கையைக் குறிப்பதன்று. இருவர் அருகருகே அமர்ந்து மிதிக்கும் வண்டி 'சோசியபிள்' என்னும் வேறு பெயரால் வழங்கப்படுகின்றது.

முன்னால் அமர்ந்து வண்டியைச் செலுத்துபவர் 'கேப்டன்' அல்லது 'பைலட்' எனப்படுகின்றார். பின்னால் அமர்பவர் 'ஸ்டோக்கர்' எனப்படுகின்றார். நீராவி இயந்திரங்களின் உலையில் நிலக்கரி அள்ளிப் போடும் தொழிலாளிக்கு உரிய பெயர் இது. பின்னால் இருப்பவர் திசையைத் தீர்மானிப்பதில்லை, ஆற்றலை மட்டும் வழங்குகிறார் என்பதால் இப்பெயர் ஏற்பட்டது. இக்கட்டுரையில் இவர்கள் முறையே முன்னவர், பின்னவர் எனக் குறிக்கப்படுகின்றனர்.

வரலாற்றுப் பின்னணி

இருவர் ஓட்டும் மூவுருளி வண்டிகள் 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் வழக்கில் இருந்தன. இரு சக்கரங்களைக் கொண்ட இருவர் மிதிவண்டியின் தொடக்க வடிவங்களுள் ஒன்றை, இங்கிலாந்தின் பெட்ஃபர்ட்சயரில் உள்ள பிகில்சுவேட் என்னும் ஊரைச் சேர்ந்த டான் ஆல்போன் என்பவர் ஏ. ஜே. வில்சனுடன் இணைந்து 1886 ஆம் ஆண்டளவில் உருவாக்கினார். 1892 இல் ஹாரி டாக்ரே எழுதிய 'டெய்சி பெல்' என்னும் ஆங்கிலப் பாடல், திருமணத்துக்கு ஆடம்பர வண்டி அமர்த்த இயலாத காதலன் தன் காதலியை இருவர் மிதிவண்டிக்கு அழைப்பதாக அமைந்தது. அப்பாடலின் புகழால் இவ்வண்டி காதலர்களோடும் தம்பதியரோடும் தொடர்புபடுத்தி எண்ணப்படலாயிற்று.

போட்டி விளையாட்டிலும் இவ்வண்டி இடம்பெற்றது. 1908 இலண்டன் ஒலிம்பிக்கிலும், பின்னர் 1920 முதல் 1972 வரை நடைபெற்ற ஒலிம்பிக் போட்டிகளிலும் இருவர் மிதிவண்டி விரைவோட்டம் நடத்தப்பட்டது. ஒலிம்பிக்கிலிருந்து அது நீக்கப்பட்ட போதிலும், பாராலிம்பிக் போட்டிகளில் பார்வைக் குறைபாடு உடையோருக்கான மிதிவண்டி ஓட்டங்கள் இவ்வண்டியிலேயே நடைபெறுகின்றன.

காதலர், தம்பதியர், விளையாட்டு இணையர் ஆகிய மூவகையினரும் முன்னரே ஒருவரையொருவர் அறிந்தவர்கள் ஆவர். அறிமுகமற்றவருக்கு என இருக்கையைக் காலியாக விட்டு நெடுந்தொலைவு செல்லும் முயற்சிகள் 2000 களில் பரவலான கவனத்தைப் பெற்றன.

வண்டியின் அமைப்பு

சட்டகமும் சங்கிலிகளும்

நெடும்பயணத்துக்குரிய இருவர் மிதிவண்டி ஏறத்தாழ 20 கிலோகிராம் எடை உடையதாக இருக்கும். இரு சக்கரங்களின் நடுப்புள்ளிகளுக்கு இடையிலான தொலைவு சாதாரண மிதிவண்டியில் சுமார் 1 மீட்டர் ஆகும். இவ்வண்டியில் அது 1.7 மீட்டர் அளவுக்கு நீள்கிறது. இந்நீளத்தின் காரணமாக நேர்ச்சாலையில் வண்டி நிலையாக ஓடும். ஆனால் குறுகலான வளைவுகளில் திருப்புவது கடினமாகும்.

பெரும்பாலான வண்டிகளில் இரண்டு தனித்தனிச் சங்கிலிகள் உள்ளன. ஒன்று, வலப்புறத்தில் பின்னவரின் மிதிதண்டிலிருந்து (கிராங்க்) பின்சக்கரத்துக்குச் செல்லும் வழமையான சங்கிலி. மற்றொன்று, இடப்புறத்தில் முன்னவரின் மிதிதண்டையும் பின்னவரின் மிதிதண்டையும் இணைக்கும் சங்கிலி. இவ்விரண்டாவது சங்கிலி சம எண்ணிக்கையிலான பற்களைக் கொண்ட இரு பற்சக்கரங்களின் மேல் ஓடுவதால், இருவரின் கால்களும் எப்போதும் ஒரே வேகத்தில் சுழலும். ஒருவர் மிதிப்பதை நிறுத்தினால் மற்றவரின் கால்களும் நின்றுவிடும். ஒவ்வொருவரும் தனித்தனியே மிதிப்பதை நிறுத்த இடமளிக்கும் அமைப்புகளும் கிடைக்கின்றன. எனினும் அவை எடை கூடியவை, விலை மிக்கவை.

முன்னவர் அமர்ந்த நிலையில் சாய்ந்து படுத்தபடி மிதிக்கும் மாற்று வடிவமும் உண்டு. ஜெர்மனியின் ஹாசே நிறுவனம் தயாரிக்கும் 'பினோ' இவ்வகையைச் சேர்ந்தது. இதில் வண்டியைச் செலுத்துபவர் பின்னால் நிமிர்ந்து அமர்கிறார். விருந்தினர் முன்னால் சாய்விருக்கையில் அமர்ந்து, சாலையைத் தடையின்றிக் காண்கிறார். நிமிர்ந்து அமர இயலாதவர்களும் முதுகுத் தாங்கல் தேவைப்படுபவர்களும் இதில் பயணம் செய்ய இயலும்.

சக்கரங்கள்

இருவரின் எடையையும் பயணப் பொதிகளின் எடையையும் இரண்டே சக்கரங்கள் தாங்க வேண்டியுள்ளன. சாதாரண மிதிவண்டிச் சக்கரத்தில் பொதுவாக 32 அல்லது 36 ஆரக்கம்பிகள் இருக்கும். நெடும்பயண இருவர் மிதிவண்டியில் 40 அல்லது 48 ஆரக்கம்பிகள் கொண்ட சக்கரங்கள் பயன்படுத்தப்படுகின்றன. கம்பி முறிவும் டயர் வெடிப்பும் இப்பயணங்களில் அடிக்கடி ஏற்படும் கோளாறுகளாகும். 40 கம்பிச் சக்கரத்துக்குரிய விளிம்பு (ரிம்) சிற்றூர்க் கடைகளில் கிடைப்பது அரிது. ஆகவே உதிரி ஆரக்கம்பிகளும் சங்கிலி இணைப்புகளும் உடன் கொண்டு செல்லப்படுகின்றன.

பிரேக்

இவ்வண்டியின் மிக முக்கியமான பாதுகாப்புச் சிக்கல் இறக்கங்களில் எழுகின்றது. வண்டி, இருவர், பொதிகள் ஆகியவற்றின் மொத்த எடை 180 கிலோகிராம் எனக் கொண்டால், 500 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 880 கிலோஜூல் ஆகும். இது 2.6 லிட்டர் நீரை 20 பாகை செல்சியசிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானதாகும். காற்றுத்தடை இதன் ஒரு பகுதியை ஏற்கும். எஞ்சியது பிரேக்குகளில் வெப்பமாக மாறும். தனியொருவர் ஓட்டும் வண்டியை நோக்க இருவர் வண்டியின் எடை இருமடங்காக உள்ளபோதும், காற்றை எதிர்கொள்ளும் முகப்பு ஏறத்தாழ ஒன்றேயாகும். ஆகவே காற்று ஏற்கும் பங்கு குறைந்து, பிரேக்குகள் ஏற்க வேண்டிய பங்கு மிகுகின்றது.

விளிம்பை அழுத்தும் சாதாரண பிரேக்கை நீண்ட இறக்கத்தில் தொடர்ந்து பிடித்தால், விளிம்பு சூடேறி, உள்ளிருக்கும் காற்று விரிந்து டயர் வெடிக்கக்கூடும். இதனைத் தவிர்க்க, சக்கரத்தின் குடத்தில் அமைந்த டிரம் பிரேக் அல்லது பெரிய வட்டுடைய டிஸ்க் பிரேக் கூடுதலாகப் பொருத்தப்படுகின்றது.

ஓட்டும் முறை

சமதளத்திலும் இறக்கத்திலும் இருவர் மிதிவண்டி தனி மிதிவண்டியை விட வேகமாகச் செல்லும். இருவரின் ஆற்றலும் சேர்கின்றது, பின்னவரோ முன்னவரின் முதுகுக்குப் பின்னால் காற்றிலிருந்து மறைந்திருக்கிறார். ஏற்றத்தில் இந்நன்மை மறைந்துவிடும். மெதுவான வேகத்தில் காற்றுத்தடை பெரிதாக இல்லாமையாலும், இருவர் ஒரே தாளத்தில் மிதிக்கப் பழகாமையாலும் ஏற்றங்களில் இவ்வண்டி பொதுவாகப் பின்தங்கும்.

திசை, பிரேக், பல்லிணை (கியர்) ஆகிய மூன்றும் வழமையாக முன்னவரின் கையிலேயே உள்ளன. பின்னவர் பற்றிக்கொள்ளும் கைப்பிடி அசையாதது. அவர் கண்ணெதிரே இருப்பது முன்னவரின் முதுகு ஆகும். வரும் பள்ளத்தையோ வளைவையோ அவரால் முன்கூட்டிக் காண இயலாது. இதனால் முன்னவர் நிகழப்போவதை வாய்விட்டுச் சொல்வது இவ்வண்டி ஓட்டுதலின் முதல் விதியாகக் கருதப்படுகின்றது. வழமையாகச் சொல்லப்படுபவை பின்வருமாறு:

- பள்ளம் அல்லது மேடு வருகின்றது. பின்னவர் இருக்கையிலிருந்து சற்றே எழ வேண்டும்.
- பல்லிணை மாற்றப்படுகின்றது. மிதியின் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும்.
- மிதிப்பது நிறுத்தப்படுகின்றது.
- பிரேக் பிடிக்கப்படுகின்றது.
- இடப்புறம் அல்லது வலப்புறம் திரும்பப்படுகின்றது.

பொது மொழி இல்லாத இருவர் பயணிக்கும்போது இவை நான்கைந்து சொற்களாகவோ கைச்சைகைகளாகவோ சுருங்கிவிடுகின்றன. உள்ளூர் மொழியில் 'நில்', 'மிதி', 'பள்ளம்' என்னும் சொற்களையாவது அறிந்து கொள்வது பயணியின் கடமையாகின்றது.

புதியவரை ஏற்றுதல்

புறப்படும் முறை எளிது, ஆனால் ஒழுங்காகப் பின்பற்றப்பட வேண்டியது. முன்னவர் இரு கால்களையும் அகட்டித் தரையில் ஊன்றி, பிரேக்கைப் பிடித்து வண்டியை அசையாமல் நிறுத்துகிறார். புதியவர் ஏறி அமர்ந்து இரு பாதங்களையும் மிதிகளில் வைத்துக்கொள்கிறார். முன்னவர் ஒரு பாதத்தை மட்டும் மிதியில் வைத்து, அறிவித்துவிட்டு, இருவரும் ஒருசேர அழுத்த வண்டி நகர்கின்றது. நிறுத்தும்போது முன்னவரே காலை ஊன்றுகிறார். பின்னவர் பாதங்களை எடுக்க வேண்டியதில்லை. அறியாது அவர் காலை ஊன்ற முற்படுவதே தொடக்க நிலை விழுகைகளுக்கு ஒரு காரணமாகும்.

அறிமுகமற்றவர்கள் பல உயரத்தினராக இருப்பதால், பின்னிருக்கையின் உயரத்தைக் கருவியின்றி மாற்றத்தக்க பிடி பொருத்தப்படுகின்றது. பாதத்தைப் பூட்டும் சிறப்பு மிதிகளுக்குப் பதிலாக, செருப்பு அணிந்தவரும் பயன்படுத்தத்தக்க தட்டையான மிதிகள் வைக்கப்படுகின்றன. இடப்புறச் சங்கிலி நீளமானதும் பெரும்பாலும் மூடப்படாததும் ஆகையால், தளர்ந்த ஆடைகளை மடித்துக் கட்டிக்கொள்ள வேண்டும். விருந்தினருக்கெனக் கூடுதல் தலைக்கவசம் ஒன்றும் எடுத்துச் செல்லப்படுகின்றது.

பின்னவர் சாலையைக் காண விரும்பித் திடீரெனப் பக்கவாட்டில் சாய்ந்தால் வண்டி அத்திசையில் இழுபடும். முதல் சில நிமிடங்களில் முன்னவர் ஒவ்வொரு சாய்வையும் கைப்பிடியால் ஈடுசெய்ய வேண்டியிருக்கிறது. வண்டியைத் திருப்பும் உரிமையும் நிறுத்தும் உரிமையும் இன்றிப் பின்னவர் ஒருவரை நம்புகிறார். தன் சமநிலையைக் குலைக்கக்கூடிய ஒருவரைத் தன் முதுகுக்குப் பின்னால் அமர்த்தி முன்னவரும் நம்புகிறார். அறிமுகமற்ற இருவருக்கு இடையே இத்தகைய நம்பிக்கை சில நிமிடங்களுக்குள் உருவாக வேண்டியிருப்பது இப்பயண முறையின் தனித்தன்மையாகும்.

காலி இருக்கையின் சுமை

இப்பயணத்தின் மறுபக்கம், இருக்கை நிரம்பாத நாட்களாகும். மக்கள் குறைந்த நிலப்பகுதிகளில் பல நாட்கள் எவரும் ஏறாமல் போகலாம். அப்போது பயணி இருவருக்கென வடிவமைக்கப்பட்ட எடையை ஒருவரின் ஆற்றலால் இழுத்துச் செல்ல வேண்டும். பின்னிருக்கையின் மிதிகள் வெறுமையாகச் சுழன்றுகொண்டிருக்கும். பின்பகுதியில் எடை குறைவதால் பின்சக்கரம் ஈரச்சாலையிலும் சரளையிலும் எளிதில் வழுக்கும். பக்கவாட்டுக் காற்றில் நீண்ட சட்டகத்தைத் தனியாகக் கட்டுப்படுத்துவதும் எளிதன்று.

சாலையை விட்டு நீங்கும்போதும் இவ்வண்டி தொல்லை தருகின்றது. பேருந்து, தொடருந்து, வானூர்தி ஆகியவற்றில் இதனை ஏற்ற இடம் கிடைப்பது அரிது. சட்டகத்தைத் துண்டுகளாகப் பிரித்துப் பெட்டியில் அடைக்கத்தக்க திருகு இணைப்புகள் இதற்கென உருவாக்கப்பட்டுள்ளன.

தனி மிதிவண்டியில் செல்பவரும் வழியில் மக்களைச் சந்திக்கவே செய்கிறார். ஆனால் அவருக்கு மற்றவர் தேவைப்படுவதில்லை. காலி இருக்கையுடன் செல்பவருக்கு மற்றவர் தேவைப்படுகிறார். அவ்வெறும் இருக்கையே, ஒரு சொல்லும் இன்றி, அத்தேவையைச் சாலையில் நிற்போருக்கு அறிவிக்கின்றது. வண்டி தரும் கூடுதல் உழைப்பு, பயணி பிறரை அணுகுவதற்கான தூண்டுதலாகவும் அமைகின்றது.

குறிப்பிடத்தக்க பயணங்கள்

பீஸ் பெடலர்ஸ்

ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த ஜேமி பியாங்கினி 2002 ஆம் ஆண்டில் 'பீஸ் பெடலர்ஸ்' என்னும் பெயரில் உலகப் பயணம் ஒன்றைத் தொடங்கினார். இருவர் மிதிவண்டியின் பின்னிருக்கைக்கு வழியில் காண்பவர்களை அழைத்துச் செல்வது இதன் நோக்கமாகும். ஏறத்தாழ 8 ஆண்டுகள் நீடித்த இப்பயணத்தில் 81 நாடுகள் கடக்கப்பட்டன. இவ்வனுபவத்தை அவர் 'எ பைசிக்கிள் பில்ட் ஃபார் டூ பில்லியன்' (இருநூறு கோடிப் பேருக்கான மிதிவண்டி) என்னும் நூலாக எழுதினார். மேலே குறிப்பிட்ட 'டெய்சி பெல்' பாடலில் வரும் இருவருக்கான மிதிவண்டியை இத்தலைப்பு நினைவூட்டுகின்றது.

டொமினிக் கில்லின் அமெரிக்கக் கண்டப் பயணம்

பிரித்தானியரான டொமினிக் கில் 2006 ஆம் ஆண்டு சூன் மாதத்தில், அலாஸ்காவின் வடகரையில் ஆர்க்டிக் பெருங்கடலை ஒட்டியுள்ள புருடோ விரிகுடாவிலிருந்து புறப்பட்டார். 'அக்கிலீஸ்' எனப் பெயரிட்ட இருவர் மிதிவண்டியில், தென் அமெரிக்காவின் தென்கோடியில் அர்ஜென்டினாவில் உள்ள உசுவாயா நகரை 2008 ஆம் ஆண்டில் அடைந்தார். ஏறத்தாழ 20,000 மைல் (32,000 கிலோமீட்டர்) கொண்ட இப்பயணத்தில் 270 பேர் வரை அவரது பின்னிருக்கையில் அமர்ந்து மிதித்தனர்.

காலி இருக்கைப் பயணத்துக்கு இவ்வழி பல சோதனைகளை வைக்கின்றது. புருடோ விரிகுடாவிலிருந்து தெற்கே செல்லும் ஒரே சாலை டால்டன் நெடுஞ்சாலை ஆகும். அலாஸ்கா எண்ணெய்க் குழாய்ப் பணிக்காக 1974 இல் அமைக்கப்பட்ட இச்சாலை 666 கிலோமீட்டர் நீளமுடையது. இதில் பெரும்பகுதி சரளைச் சாலையாகும். வழியெங்கும் மூன்று சிறு குடியிருப்புகளே உள்ளன. அதாவது, மக்களைத் தேடிச் செல்லும் பயணம் மக்கள் ஏறத்தாழ இல்லாத இடத்திலேயே தொடங்குகின்றது. புருக்ஸ் மலைத்தொடரில் 1,400 மீட்டருக்கு மேற்பட்ட அட்டிகன் கணவாயையும் அவ்வழியே கடக்க வேண்டும்.

பனாமாவுக்கும் கொலம்பியாவுக்கும் இடையே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவுக்குச் சாலையே இல்லை. டேரியன் இடைவெளி எனப்படும் இக்காட்டுப் பகுதியை மிதிவண்டிப் பயணிகள் வழக்கமாகப் படகிலோ வானூர்தியிலோ தாண்டுகின்றனர். அதற்கும் தெற்கே ஆண்டீசு மலைகளின் உயரமும், படகோனியாவின் வலிமைமிக்க மேலைக்காற்றும் காத்திருக்கின்றன.

கில் இப்பயணம் முழுவதையும் தாமே படம்பிடித்தார். அப்படம் 'டேக் எ சீட்' (அமருங்கள்) என்னும் பெயரில் வெளிவந்தது. அதே பெயரில் அவர் எழுதிய நூல் 2010 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. பின்னர் அவர் ஐக்கிய அமெரிக்காவின் குறுக்கே, நோயாலோ உடற்குறையாலோ தனியாக மிதிவண்டி ஓட்ட இயலாதவர்களைத் துணையாகக் கொண்டு மற்றொரு பயணத்தையும் மேற்கொண்டார்.

பிரிஸ்டல் முதல் பெய்ஜிங் நோக்கி

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரைச் சேர்ந்த லூக் கிரென்ஃபெல்-ஷாவுக்கு 2018 ஆம் ஆண்டில், அவரது 24 ஆவது வயதில், நுரையீரலுக்கும் பரவியிருந்த மென்திசுப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. சிகிச்சைக்குப் பின்னர் 2020 சனவரி 1 அன்று, பெய்ஜிங்கை இலக்காகக் கொண்டு 30,000 கிலோமீட்டர் பயணமொன்றை இருவர் மிதிவண்டியில் தொடங்கினார். வழியில் உள்ள நாடுகளில் புற்றுநோயுடன் வாழ்வோரைப் பின்னிருக்கைக்கு அழைப்பது இதன் சிறப்பாகும்.

அவர்களைக் குறிக்க 'கேன்லிவர்' என்னும் சொல்லை அவர் பயன்படுத்தினார். புற்றுநோயைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முற்பகுதியையும், வாழ்பவர் என்னும் பொருளுடைய சொல்லையும் இணைத்து இது ஆக்கப்பட்டது. 'நோயாளி', 'பாதிக்கப்பட்டவர்' முதலிய சொற்கள் நோயை முன்னிறுத்துவன. இச்சொல்லோ வாழ்தலை முன்னிறுத்துகின்றது. இக்கருத்துக்கு இருவர் மிதிவண்டி பொருத்தமான கருவியாக அமைந்தது. உடல் தளர்ந்த ஒருவர் தம்மால் இயன்ற அளவு மட்டும் மிதிக்கலாம். எஞ்சியதை மற்றவர் ஈடுசெய்வார். வண்டி நிற்காது. 2020 இல் கோவிட்-19 பெருந்தொற்றால் நாட்டு எல்லைகள் மூடப்பட்டதால் இப்பயணம் இடையில் தடைப்பட்டுப் பின்னர் தொடரப்பட்டது.

பார்வைக் குறைபாடு உடையோரும் இருவர் மிதிவண்டியும்

பின்னவர் சாலையைக் காண வேண்டிய தேவை இல்லாமையால், பார்வையற்றோர் முழுமையாகப் பங்கேற்கத்தக்க சில விளையாட்டுகளுள் இதுவும் ஒன்றாக உள்ளது. பார்வையுள்ள தன்னார்வலர் ஒருவர் முன்னால் அமர, பார்வையற்றவர் பின்னால் அமர்ந்து ஓட்டும் முறை பல நாடுகளில் மன்றங்கள் வாயிலாக நடைபெறுகின்றது. இங்கும் இருவர் பெரும்பாலும் முதன்முறையாக அங்கேயே சந்திக்கின்றனர்.

இந்தியாவில், பார்வையற்றவரான திவ்யான்ஷு கணத்ரா நிறுவிய 'அட்வென்சர்ஸ் பியாண்ட் பேரியர்ஸ்' அறக்கட்டளை இம்முறையை முன்னெடுத்து வருகின்றது. 2016 ஆம் ஆண்டில் அவர் இமாச்சலப் பிரதேசத்தின் மணாலியிலிருந்து லடாக்கில் 5,300 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ள கர்துங் லா கணவாய் வரை இருவர் மிதிவண்டியில் பயணம் செய்தார். பார்வையுள்ளோரும் அல்லாதோரும் ஒரே வண்டியைச் சேர்ந்து ஓட்டும்போது, ஒருவர்க்கொருவர் இரக்கம் காட்டும் உறவு மாறி உடனுழைக்கும் உறவு ஏற்படுகின்றது என்பது இத்தகைய முயற்சிகளின் அடிப்படைக் கருத்தாகும்.

சாதனைப் பயணங்களுடன் ஒப்பீடு

இருவர் மிதிவண்டியில் உலகைச் சுற்றும் சாதனை முயற்சிகள் இதனின்றும் வேறானவை. கின்னஸ் விதிகளின்படி உலகைச் சுற்றுபவர் குறைந்தது 18,000 மைல் (ஏறத்தாழ 28,970 கிலோமீட்டர்) மிதிவண்டியில் கடக்க வேண்டும். மேலும் ஒரே திசையில் சென்று, புவியில் ஒன்றுக்கொன்று நேரெதிராக அமைந்த இரு புள்ளிகளைத் தொட வேண்டும். இவ்வகையில் சில பயணங்கள்:

- 2016–2017: ஜான் வைபிரோ, ஜார்ஜ் அகேட் ஆகியோர் 290 நாட்களில் உலகைச் சுற்றினர்.
- 2019–2020: கேட் டிக்சன், ராஸ் மார்ஸ்டன் ஆகிய பெண்கள் இருவர் 263 நாட்களில் சுற்றினர்.
- 2022: லாரா, ஸ்டீவி மாஸ்ஸி-பியூ தம்பதியர் பெர்லினிலிருந்து புறப்பட்டு 180 நாட்களில் சுற்றினர்.

சாதனை இணையருக்கு நேரமே அளவுகோலாகும். ஒரே இருவர் மாதக்கணக்கில் பழகி, ஒரே தாளத்தில் மிதிப்பதே அவர்களின் வலிமை. காலி இருக்கைப் பயணத்தில் ஒவ்வொரு புதியவருடனும் அத்தாளத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டியுள்ளது. ஆகவே அதில் வேகம் இயலாது. உள்ளூர்வாசி ஒருவர் ஏறினால் அவர் வீட்டுக்குச் செல்ல வேண்டியிருக்கும், உணவுக்கு அமர வேண்டியிருக்கும். கில் அமெரிக்கக் கண்டங்களைக் கடக்க இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் எடுத்துக்கொண்டதை மேற்கூறிய நாட்கணக்குகளுடன் ஒப்பிட்டு இதனை அறியலாம்.

நடைமுறைச் சிக்கல்களும் பொறுப்புகளும்

அறிமுகமற்றவரை ஏற்றிச் செல்வதில் கவனத்துக்குரியவை பல உள்ளன.

- திரும்பும் வழி: வண்டி முன்னோக்கியே செல்வதால், 30 கிலோமீட்டர் உடன்வந்தவர் தம் ஊருக்குத் திரும்ப வேறு வழி தேட வேண்டும். பேருந்து வசதியுள்ள ஊரில் இறக்கிவிடுவதும், தேவையானால் கட்டணம் கொடுப்பதும் பயணியின் பொறுப்பாகக் கருதப்படுகின்றன.
- எல்லைகள்: நாட்டின் எல்லையைக் கடக்க ஒவ்வொருவருக்கும் உரிய ஆவணங்கள் வேண்டும். ஆகவே பெரும்பாலான விருந்தினர்கள் எல்லைக்கு முன்னரே இறங்கிவிடுகின்றனர்.
- விபத்து: பின்னவருக்கு வண்டியைக் கட்டுப்படுத்தும் வாய்ப்பு இல்லையாதலால், விபத்தின் பொறுப்பு பெரிதும் முன்னவரையே சாரும். பயணியின் சொந்தக் காப்பீடு விருந்தினரையும் காக்கும் எனக் கொள்ள இயலாது.
- சிறுவர்கள்: பெற்றோரின் இசைவின்றிச் சிறுவரை ஏற்றுதல் கூடாது. கால் எட்டாதவர்களுக்கெனக் குறுகிய மிதிதண்டுகள் உண்டு.
- படம்பிடித்தல்: விருந்தினரைப் படம்பிடித்து வெளியிடுவதற்கு அவரது இசைவு தேவை. மொழி அறியாத இடத்தில் அந்த இசைவு உண்மையானதா என்பதை உறுதிசெய்வது எளிதன்று.
- இருவரின் பாதுகாப்பு: ஏறுபவர் மட்டுமன்றி, தம் உடைமைகள் அனைத்தையும் வண்டியில் கொண்டு செல்லும் பயணியும் இடருக்கு உள்ளாகக்கூடியவரே. பெண்கள் முன்னவராக அமர்ந்து தனியே செல்லும் பயணங்களில் இதற்குக் கூடுதல் கவனம் தேவைப்படும்.

சமூக நோக்கு

சுற்றுலாப் பயணிக்கும் உள்ளூர்வாசிக்கும் இடையிலான உறவு பொதுவாக விருந்தினர், விருந்தளிப்பவர் என்றோ, வாங்குபவர், விற்பவர் என்றோ அமைகின்றது. இருவர் மிதிவண்டியில் இவ்வுறவு சிறிது நேரத்துக்கு மாறுகின்றது. வண்டி பயணியுடையது, ஊரும் வழியும் உள்ளூர்வாசியுடையவை. ஓட்டத் தெரிந்தவர் முன்னவர், வழி தெரிந்தவர் பின்னவர். இருவருக்கும் மற்றவர் தேவை. மேலும் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் நோக்காமல், ஒரே திசையை நோக்கியபடி, ஒரு மீட்டருக்கும் குறைவான இடைவெளியில் மணிக்கணக்காக அமர்ந்திருக்கின்றனர். இந்நிலை உரையாடலுக்கு ஏற்றதாகவும், பேசாமல் இருப்பதற்கும் இடமளிப்பதாகவும் உள்ளது.

எனினும் இத்தகைய பயணங்களை மிகைப்படுத்திக் காண்பதற்கில்லை. நாடுகளைக் கடந்து செல்லும் கடவுச்சீட்டும், ஆண்டுக்கணக்கில் வேலையின்றி இருக்கும் வசதியும் பெரும்பாலும் முன்னவருக்கே உரியவை. பின்னவர் மறுநாள் தம் வேலைக்குத் திரும்ப வேண்டியவர். முன்னவரின் கதை நூலாகவும் திரைப்படமாகவும் நிலைக்கின்றது. பின்னவரின் கதை பெரும்பாலும் அதில் ஒரு பகுதியாகவே இடம்பெறுகின்றது. ஆயினும் பயணம் முழுமை பெறுவது பின்னிருக்கையில் அமர்ந்தவர்களால்தான். அவர்கள் இல்லையேல் அது நீளமான வண்டியில் ஒருவர் மேற்கொண்ட கடினமான பயணமாக மட்டுமே எஞ்சியிருக்கும்.

இவற்றையும் பார்க்க

- மிதிவண்டி
- மிதிவண்டிச் சுற்றுலா
- பாராலிம்பிக் விளையாட்டுகள்
- பான் அமெரிக்க நெடுஞ்சாலை
- டேரியன் இடைவெளி